மூளை மாற்று சிகிச்சை... எங்கள் வண்டிக்கு!

"மூளை போயிடுச்சுங்க. மாத்தித்தான் ஆகணும்."

ஒர்க்‌ஷாப்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, அவர் சொன்னது எங்கள் வீட்டு மனிதர் யாரையும் பற்றி அல்ல. 2009-ல் வாங்கிய எங்கள் பெரிய டீசல் வண்டியைப் பற்றி!

'கார் ரிப்பேர் சமாசாரத்தை இந்தப் பக்கத்தில் எழுதுவானேன்?' என்று நீங்கள் கேட்கலாம். அந்த வண்டி நடுவழியில் நின்றபோது உள்ளே உட்கார்ந்திருந்தது எட்டு மாதக் கர்ப்பிணியான என் மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வால்பாறைப் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டில். என்னவருக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. பொள்ளாச்சிக்குப் போக வேண்டுமென்றால் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை இருக்கும். குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது நாற்பது, முப்பத்தொன்பது என்று தலைகீழாக எண்ணிக்கொண்டே வருவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜூலை மாதம். மூத்தவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். நல்ல மழை. ஒன்பதாவது வளைவு, அணை முழுவதும் தெரியும் அந்த இடத்துக்குச் சற்று முன்னால், கியர் மாற்ற இவர் கிளட்சை மிதித்தார். அவ்வளவுதான், இன்ஜின் 'கப்'பென்று அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கும் இறுக ஆரம்பித்தது. எப்படியோ மலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். என் மகள் ஒரு கையால் வயிற்றையும், ஒரு கையால் என் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்று இவர் சொல்லித் தெரிந்துகொண்ட ஒன்றை, வண்டி ஓட்டும் சகோதரிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நின்றாலும் பிரேக் அடியோடு போய்விடாது. முதல் ஓரிரு மிதிக்கு நன்றாகவே பிடிக்கும். பயத்தில் விட்டு விட்டு மிதித்தால்தான் அந்த உதவியும் தீர்ந்துபோய்ப் பெடல் கடினமாகிவிடும். ஒரே மிதியாக, அழுத்தி மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் திரும்பும், பலம்தான் அதிகம் வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சாவியை உருவிவிடக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்!

அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆயிற்று.

இதற்கு முன்னும் ஜூன் மாதத்தில் இரண்டு மூன்று தடவை நின்றதுண்டு. ஊரில் ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். இன்னொருவர் ஏதோ சென்சாரை மாற்றினார். பணம் போயிற்றே தவிர, வியாதி போகவில்லை. கடைசியில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியபோதுதான் 'மூளை போச்சு' என்ற தீர்ப்பு. புதிது போட 62,000 ரூபாய் ஆகும், வருவதற்கு ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். பிரசவச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த பணமே அவ்வளவு இல்லை.

"டாக்ஸியிலேயே போய்க்கலாம்மா" என்றாள் மகள். போய்க்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ராத்திரி வலி எடுத்தால், கொட்டும் மழையில் எஸ்டேட் பாதைக்கு எந்த டாக்ஸி வரும்?

பொள்ளாச்சியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பற்றி நாத்தனார் சொன்னாள். இவர் வண்டியைத் தனியாக ஓட்டிப் போக, நான் பின்னாலேயே பஸ்ஸில் போனேன். பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"எப்ப எப்ப நிக்குதுங்கம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

இவர் விழித்தார். நான் பையிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்தேன். மெக்கானிக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வேண்டுமே என்று, வண்டி நின்ற ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஆறு தடவையும் முந்தின நாளோ அன்றோ பெருமழை. ஆறு தடவையும் கிளம்பி முக்கால் மணிக்கு மேல், வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு. ஆறிய பின் தானே ஓடியிருக்கிறது.

"பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க" என்றார். பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்!

வண்டியின் 'மூளை' என்பது டிபன் டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. காற்று எவ்வளவு வருகிறது, இன்ஜின் எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதையெல்லாம் சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்து எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்று நொடிக்குப் பல தடவை அது கணக்குப் போடும். அடுப்பு, பால், குக்கர் விசில், குழந்தை அழுகை எல்லாவற்றையும் ஒரே காதில் வாங்கிக்கொண்டு சமையல் செய்கிறோமே, அந்த மாதிரிதான்.

"மூளையைச் சந்தேகப்படறது கடைசியாத்தானுங்க" என்றார் பெரியவர். முதலில் பாட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 14-க்குப் பக்கம். சரியாக இருந்தது. பிறகு ஃபியூஸ், ரிலே, பாடியோடு சேரும் எர்த் ஒயர். அதற்கப்புறம்தான் டாஷ்போர்டுக்குள் கையை விட்டார். எங்கள் வண்டியில் அந்தப் பெட்டி முன்சீட்டில் உட்காருபவரின் காலுக்கு மேலே, உள்ளே ஒளிந்திருக்கிறது. பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியில் சொருகும் கனெக்டரை உருவினார். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்குமே, அதே களிம்பு!

அதைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டி, ஸ்கேனரை இணைத்து இன்ஜினை ஓடவிட்டார். "வீட்ல தலை காய வைக்கிற மிஷின் இருக்குங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! நாத்தனார் வீட்டிலிருந்து ஹேர் டிரையர் வந்தது. மிதமான சூட்டில் பெட்டியின் மேல் காட்டினார். ஐந்தே நிமிஷம். இன்ஜின் நின்றது, ஸ்கேனரும் 'தொடர்பு இல்லை' என்றது. அந்த நேரத்தில் பெட்டிக்கு வரும் கரண்டையும் எர்த்தையும் அளந்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. ஆற வைத்தார், ஓடியது. மறுபடி சூடாக்கினார், நின்றது.

"பொட்டி போனது வாஸ்தவந்தான். ஆனா அது ஏன் போச்சுன்னு பார்க்காம புதுசு மாட்டினா, அடுத்த மழையில அதுவும் போயிடும்" என்றார்.

முன் கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே ஒரு சல்லடை இருக்கும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, இரு பக்கத் துளை வழியாக வெளியே போக வேண்டும். எஸ்டேட்டில் நிழலுக்காக வைத்திருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில்தான் எங்கள் வண்டி வருஷம் பூராவும் நிற்கும். அந்த இலைகள் மட்கி, துளை இரண்டையும் களிமண்ணாக அடைத்திருந்தன. தேங்கிய தண்ணீர் ஒயர் கட்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. 62,000 ரூபாய்க்குப் புதிது போட்டிருந்தாலும் அதன் தலையிலும் இதே தண்ணீர்தான்!

பெட்டியைத் திறந்து ரிப்பேர் செய்யலாமா என்று கேட்டோம். உள்ளே பலகை அரித்திருந்தது. "ஓட வெச்சுடலாம். ஆனா புள்ளத்தாச்சி ஏறுற வண்டிங்களே..." என்று இழுத்தார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

சென்னையில் படிக்கும் மகனுக்குப் பெட்டியின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஓர் எழுத்துகூட மாறாமல் அதே நம்பர் உள்ள பெட்டியைக் கண்டுபிடித்தான். விலை 9,500 ரூபாய்.

மாட்டினால் ஓடிவிடும் என்று நினைத்தேன். அதுதான் இல்லை! சாவியின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதைத் தன் சாவிதான் என்று அடையாளம் கண்டால்தான் பெட்டி இன்ஜினை ஓட விடும். அதோடு, எங்கள் வண்டியின் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு, அதுவும் பெட்டிக்குத் தெரிய வேண்டும். ஆகவே பழைய பெட்டியின் ஞாபகத்தை அப்படியே புதியதில் பிரதி எடுக்க வேண்டும். கோயமுத்தூரில் ஒருவர் 4,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். 'கெட்டுப்போனதுதானே' என்று பழைய பெட்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது.

பெரியவர் துளைகளைச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றச் சொல்லி, உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் பெட்டியை மாட்டினார். கூலியும் சேர்த்து மொத்தம் 16,700 ரூபாய். நோட்டில் இருக்கிறது.

ஆனாலும் மகளை உடனே ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வாரம், மழையிலும் வெயிலிலும், நானும் இவரும் மட்டும் ஏறி இறங்கினோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும், இனி மலை மேல் இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நாத்தனார் வீட்டுக்கு மகளை அந்த வண்டியில்தான் அழைத்துப் போனோம். ஒன்பதாவது வளைவு வந்தபோது ஒருவரும் பேசவில்லை. கிளட்சை மிதித்தார், கியர் விழுந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "எட்டு!" என்று மகள் உரக்கச் சொன்னாள், சின்ன வயசில் சொல்வது போலவே.

பேத்தி பிறந்து மூன்று மாதம் கழித்து, அதே வண்டியில் 40 வளைவும் தூங்கிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசல் பெருக்கியதும், வண்டிக் கண்ணாடிக்குக் கீழே உள்ள இலைகளையும் நானே பொறுக்கிவிடுகிறேன். நோட்டில் மட்டும், 'வண்டி நின்றது' என்று எழுத மறுபடி வேலை வரவில்லை.