பரு போகட்டும், மச்சம் இருக்கட்டும்

ஃபோட்டோஷாப்பின் கருவிப் பட்டையில், குச்சி நுனியில் கறுப்பு வட்டம் ஒட்டியதுபோல ஒரு சின்னப் படம் இருக்கும். கூடவே, விரல்களைக் குவித்து நடுவில் ஓட்டை விட்ட ஒரு கை. முதலாவது டாட்ஜ், தொட்ட இடத்தை வெளுக்க வைக்கும். இரண்டாவது பர்ன், தொட்ட இடத்தைக் கருக்க வைக்கும். இருட்டறையை எட்டிக்கூடப் பார்க்காத இன்றைய தலைமுறைக்கு இந்தக் குச்சியும் கையும் ஏன் என்று விளங்காது. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் விளக்கின் ஒளி காகிதத்தில் விழும்போது, கம்பி முனையில் ஒட்டிய அட்டை வட்டத்தை இடையில் ஆட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்கு ஒளி குறையும், பிரிண்டில் அது வெளிறும். கையைக் குவித்து ஓட்டை வழியே கூடுதலாக ஒளியை விட்டால் அந்த இடம் கறுக்கும். அன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்து மேல் நிலா எழும் புகழ்பெற்ற படத்தில் வானம் அவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு இந்தக் கைவேலையும் ஒரு காரணம். பின்னாளில் போட்ட பிரிண்டுகளில் வானத்தை அவர் இன்னும் கருக்கிக்கொண்டே போனார்.

ஆக, படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வழக்கமல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நால், சினிமா தந்திரக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்த தன் தம்பி ஜானோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள், 1990-ல் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் ஊர் ஸ்டுடியோக்களில் டச்சிங் நடந்துகொண்டிருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகச்சுருக்கத்தின் நிழல் அங்கே மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரியும். கீழிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, பென்சில் முனை பிடிக்க லேசாக வார்னிஷ் பூசி, உப்புக்காகிதத்தில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்புவார்கள். நிரப்பிய இடம் பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் மறையும். அம்மைத் தழும்பையும் இப்படித்தான் ஆற்றினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மாதிரிப் படங்களின் முகங்களை உற்றுப் பார்த்தால், ஒப்பனை எது, பென்சில் எது என்று பிரிப்பது எளிதல்ல.

இன்று கற்க வருபவருக்குக் கருவிகள் சீக்கிரமே கைவசமாகிவிடும். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே வீடியோக்கள் கிடைக்கின்றன. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு இலவசமான கிம்ப் இருக்கிறது. தாமதமாக வருவது வேறொன்று: ஒரு முகத்தில் எது தற்செயலாக வந்து உட்கார்ந்தது, எது அந்த முகத்துக்கே சொந்தமானது என்று பிரித்துப் பார்க்கும் கண். இதற்குத் தொழிலில் ஒரு நல்ல கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகவே மறையக்கூடியதை எடுக்கலாம். பரு, வெட்டுக்காயம், கொசுக்கடி, தூக்கம் கெட்ட கருவளையத்தில் பாதி. மறையாததைத் தொடுவதற்கு முன் அந்த முகத்தின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். மச்சம், தழும்பு, கன்னக்குழி, பல் இடைவெளி எல்லாம் இந்த வகை.

ஒரு பருவை எடுப்பதையே பார்க்கலாம். மேலே ஒரு காலி லேயர் திறந்து, 2002-ல் ஃபோட்டோஷாப் 7-ல் வந்த ஹீலிங் பிரஷை எடுக்கிறோம். ஆல்ட் விசையை அழுத்தி, பக்கத்திலேயே நல்ல தோல் உள்ள இடத்தில் கிளிக், பிறகு பருவின் மேல் ஒரு தொடு. இந்த பிரஷ், எடுத்த இடத்தின் தோல் இழையை மட்டும் கொண்டுவந்து, போய்ச் சேரும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். க்ளோன் ஸ்டாம்ப் அப்படிக் கலக்காது, அப்படியே நகலெடுக்கும். ஆனால் தாடை ஓரத்தில், கறுப்புப் பின்னணியை ஒட்டியிருக்கும் பருவை ஹீலிங் பிரஷால் தொட்டால் பின்னணியின் கறுப்பையும் இழுத்துக்கொண்டு அழுக்குக் கறை போட்டுவிடும். அங்கே க்ளோன் ஸ்டாம்ப்தான் கைகொடுக்கும். மூக்கோரத்துத் துளைகள் பெரியவை, நெற்றித் தோல் நெருக்கமானது, கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடுகள். நெற்றித் தோலை எடுத்து மூக்கில் ஒட்டினால் எதனால் தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

இவ்வளவு பொறுமைக்கு நேரமில்லாத இடத்தில்தான் ‘ஸ்மூத்’ வருகிறது. முழு முகத்தையும் மங்கலாக்கி, கண்ணையும் உதட்டையும் மட்டும் கூர்மையாக்கி விடுவது. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிய, ஒரே வாரத்தில் ஆல்பம் கேட்டால் டிசைனர் என்ன செய்வார் என்பதும் புரியத்தான் செய்கிறது. செல்போன் திரையில் அது அழகாகவே இருக்கும். 12×36 அங்குல ஆல்பத் தாளில் அச்சாகி வரும்போதுதான் முகம் மெழுகுபோல நிற்கும்.

தோல் இழை போவதைவிடப் பெரிய இழப்பு தோலின் நிறம் போவது. நம் ஸ்டுடியோக்களில் புதிதாகச் சேரும் பையன் முதலில் பழகுவது படத்தை வெளுக்க வைக்க, கர்வ்ஸ் கோட்டை நடுவில் பிடித்து மேலே தூக்குவதைத்தான். “கொஞ்சம் பளிச்னு பண்ணிக் கொடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு, கேட்காமலே செய்து கொடுப்பவர்கள் அதைவிட அதிகம். பாஸ்போர்ட் சைஸ் படம்கூட இதற்குத் தப்புவதில்லை. அடையாளம் காட்டுவதற்கென்றே எடுக்கும் படத்தில் அடையாளத்தை மாற்றிக் கொடுக்கிறோம். அந்தக் கோட்டைத் தூக்கும்போது முகத்தோடு சேர்ந்து என்னென்ன போகிறது என்று பார்க்க வேண்டும். முடியின் கறுப்பு சாம்பலாகிறது. அரக்குப் பட்டு ரோஸ் பக்கம் சாய்கிறது. தங்கம் வெளிறிப் பித்தளையாகிறது. எல்லாவற்றுக்கும் மேல், கறுத்த முகத்தின் வடிவமே கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் விழும் மினுப்பில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள தோலை வெளுத்துவிட்டால் மினுப்புக்கும் தோலுக்கும் உள்ள தூரம் சுருங்கி, முகம் தட்டையாகிவிடும்.

வெளுப்பின் பக்கமான இந்தச் சாய்வு நம்மோடு தொடங்கியதும் அல்ல. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதிலிருக்கும் பெண்ணின் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் போடும் மெஷின் சரி. முதல் அட்டையில் இருந்த ஊழியரின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றே அழைத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்களே. கறுத்த முகங்கள் படத்தில் விவரமில்லாமல் போவது வெகுகாலம் கவனிக்கப்படவில்லை. பழுப்பு நிறத்தின் வேறுபாடுகளைப் பிலிம் பிடிக்க வேண்டும் என்று நெருக்கியவர்களில் சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்தன. மனிதர்களின் முகத்துக்காக முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

நிலைமை மெதுவாக மாறுகிறது. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துத் தோல் நிறங்களின் அளவுகோலை 2022-ல் கூகுள் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. திருத்துவதற்கும் சட்டங்கள் வந்திருக்கின்றன: உடலின் அளவைக் கணினியில் மாற்றிய விளம்பரங்களில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று இஸ்ரேல் 2012-லேயே சட்டம் போட்டது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம், மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். ஆனால் இவை விளம்பரத்துக்கான சட்டங்கள். ஊர் ஸ்டுடியோவுக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது. அங்கே பிரஷ் பிடித்திருப்பவரின் மனசுதான் எல்லாம்.

கறுத்த முகத்தை அழகாகத் திருத்த வழி இல்லாமல் இல்லை. வெளுத்த தோலோ கறுத்த தோலோ, மனிதத் தோலின் நிறச்சாயல் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் இருக்கும். வீடியோ கலர் கரெக்‌ஷன் செய்பவர்கள் பார்க்கும் வெக்டர்ஸ்கோப்பில் எல்லாத் தோலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து விழுவது இதனால்தான். வேறுபடுவது முக்கியமாக வெளிச்சத்தின் அளவும் நிறத்தின் அடர்த்தியும். ஆகவே முதலில் சாயலைச் சரிசெய்ய வேண்டும். மண்டப விளக்கின் பச்சையோ மஞ்சளோ ஏறியிருந்தால் அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பிறகு கண்குழிக்கும் கழுத்துக்கும் மட்டும் மாஸ்க் வைத்து நிழலைக் கொஞ்சம் திறக்கலாம். மினுப்பைக் கொல்லக் கூடாது. வியர்வைப் பளபளப்பு அதிகமென்றால் குறைத்தால் போதும்.

எது அந்த முகத்துக்கே சொந்தம் என்று பிரித்துப் பார்க்கும் கண், பழைய படங்களை மீட்கும் வேலையில் இன்னும் அவசியம். 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபின், நியூயார்க்கில் ஃபேஷன் படங்களைத் திருத்தி வந்த பெக்கி மேன்சன் தன்னார்வலராக ஒஃபுனாட்டோ நகரத்துக்குப் போனார். சேறு அப்பிய குடும்பப் படங்கள் அங்கே குவிந்து கிடந்தன. கையால் கழுவி உலர்த்தியவை 1,35,000 படங்கள். மோசமாகச் சேதமானவற்றை உலகெங்கும் உள்ள 500-க்கும் மேற்பட்ட ரீடச்சர்கள் இணையம் வழியாக வாங்கிச் சரிசெய்து கொடுத்தார்கள். வீடே போன குடும்பங்களுக்கு மிஞ்சியது அந்தப் படங்கள்தான். அங்கே ஒரு முகத்தைக் கற்பனையில் வரைந்து கொடுத்தால் வாங்குபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஏஐ செயலிகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பல்ஸ் என்ற நிரலிடம், கட்டம் கட்டமாக மங்கிய ஒபாமாவின் படத்தை ஒருவர் கொடுத்தார். வெளியே வந்தது தெளிவான ஒரு வெள்ளைக்காரரின் முகம். படத்தில் இல்லாத விவரத்தை எந்த நிரலும் கண்டுபிடிப்பதில்லை. தான் பயின்ற முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை இட்டு நிரப்புகிறது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் கடைகளில் இது அன்றாடப் பிரச்சினை. கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசையில் நிற்கும் அப்பாவை வெட்டியெடுத்து இரண்டடி உயரத்துக்குப் பெரிதாக்கச் சொல்வார்கள். ஏஐ ஒரு நொடியில் பளபளவென்று ஒரு முகத்தைக் கொடுத்துவிடும், அது அப்பாவின் தம்பி மாதிரி இருக்கும். லேஅவுட்டுக்கு வசதியாகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவதும் வழக்கம். திருப்பினால் மூக்குத்தி இடம் மாறும், முந்தானை வலத்தோளுக்குப் போகும், சட்டைப் பித்தான் எதிர்ப்பக்கம் ஏறும். நல்ல டிசைனர் வேலையைத் தொடங்குமுன் வேறு ஒரு படம் கேட்பார், வாக்காளர் அட்டையானாலும் பரவாயில்லை என்பார். மச்சம் எந்தப் பக்கம், எந்தக் கண் சின்னது, முன்பல் தெரியுமா என்று விசாரிப்பார். ஏஐ கொடுத்ததை மேல் லேயரில் வைத்து, கண், மூக்கு, வாய் மூன்று இடத்திலும் மாஸ்க் போட்டு அடியிலிருக்கும் பழைய படத்தையே வெளியே கொண்டுவருவார். சட்டைக்கும் தோளுக்கும் ஏஐ போதும். முகம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும், ஆகவே போஸ்டரில் படத்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும். அதை அச்சுக்கு அனுப்பும் முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.