எனக்குச் சூடு வைத்த பிராசசர்!



"எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன். கம்ப்யூட்டரை அவனே மாட்டிக்குவான்" என்று அம்மா தெரு முழுக்கப் பெருமை பேசியிருந்தாள். அந்தப் பெருமைக்கு விலை 12,000 ரூபாய், சீட்டுப் பணம்! 2024 ஏப்ரலில் அதை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவை இரண்டு நாள் சுற்றினேன். மதர்போர்டு, பிராசசர், கேபினெட் எல்லாமே பழைய சாமான்தான். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அதில்தான் முடிக்க வேண்டும். கையில் இருந்தது மூன்றே வாரம்.

மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது. வீட்டில் கேசரி! ஆனால் பத்தாவது நிமிஷம் மவுஸ் நகர மறுத்தது. பதினைந்தாவது நிமிஷம் மெஷின் தானாகவே அணைந்தது. மறுபடி போட்டு பயாஸில் பார்த்தால் பிராசசர் 97 டிகிரி!

பிராசசருக்குள் போகிற மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 பிராசசருக்குத் தலையில் ஃபேன் கிடையாது. 1993-இல் வந்த முதல் பென்டியம் 15 வாட்டைத் தொட்டது. மேலே அலுமினியமும் ஃபேனும் ஏறின. என்னுடையது 2012-இல் வந்த கோர் ஐ5-3470. அதற்கு 77 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்குப் புரியும். அதைவிட அதிகச் சூடு, விரல் நகம் அளவு சில்லிலிருந்து! எல்லை மீறினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மெஷினையே நிறுத்திவிடும்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. கேபினெட்டைத் திறந்து டேபிள் ஃபேனை வைத்தேன். ரொட்டியில் ஜாம் தடவுவது போலப் பேஸ்ட்டை அப்பினேன். "ஏ.சி. வாங்கிடுடா" என்றான் நண்பன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை எனக்கு. ஃபேன் காற்றே சுடும்!

கடைசியில் கோபமெல்லாம் கடைக்காரர் மேல் திரும்பியது. நாலு பேர் பார்க்க, "ஏமாத்திட்டீங்க" என்று கத்தினேன். அவர் பதிலே பேசாமல் பிராசசரைத் தன் போர்டில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினார். 60 டிகிரியைத் தாண்டவில்லை.

"பிராசசர் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீ மாட்டினதைப் பாரு."

நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பழையபடி மாட்டிவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். டூவீலர் மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

"இந்தத் தகடெல்லாம் நம்ம பைக் சிலிண்டர்ல இருக்கிற ஃபின்ஸ் மாதிரிதானேடா?"

"ஆமாப்பா."

"என்ஜின் சூடு அதுல ஏறினாத்தானே காத்து எடுத்துட்டுப் போகும்? தொட்டுப் பாத்தியா?"

தொட்டேன். உள்ளே 97 டிகிரி. தகடோ லேசான வெதுவெதுப்பு!

"அப்போ சூடு மேலயே வரல. ஹெட்டு சரியா உக்காரலடா."

டார்ச் அடித்து போர்டின் பின்பக்கம் பார்த்தோம். கூலரின் நாலு பின்னில் இரண்டு முழுசாக வெளியே வரவில்லை. பின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று நினைத்திருந்தேன். அது கழற்றுகிற பக்கம்!

கூலர் ஒரு பக்கம் தூக்கி நின்றிருக்கிறது. இடையில் காற்று. செம்பு சூட்டைக் கடத்துவதில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று கடத்தாது. பேஸ்ட்டின் வேலை கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதுதான். பெரிய இடைவெளியை அது அடைக்காது.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தேன். பின்களை அம்புக்கு எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பி, எதிரெதிர் மூலையாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். சும்மா இருக்கும்போது 50 டிகிரி, வேலை செய்யும்போது 78. அறையே 39 டிகிரி இருக்கும்போது அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. அது போதும். ரிப்போர்ட் முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "டீ சாப்பிடுறியா?" என்றார், அவ்வளவுதான்.

நண்பர்களே, உங்கள் கம்ப்யூட்டர் கொதித்தால் புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள். முதலில் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பின்பக்கம் நாலு பின்னையும் எண்ணுங்கள். அதுவரை கடைக்காரரோடு சண்டை வேண்டாம்!