முழங்கைக்குக் கீழே ஒரு பெடல்

தென்காசியில் பஸ் ஏறும்போது சாரல். ஆய்க்குடியில் இறங்கும்போது வெயில். ஆனி மாதத்தில் இந்தப் பக்கம் இப்படித்தான். மேற்கே மலையில் முட்டும் மேகம் குற்றாலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே வருவதற்குள் வெறும் ஈரக்காற்றாகிவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்புகிறவர்கள். நான் தையல் வகுப்பு பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

காரணம் என் சித்தி மகள். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். பள்ளி முடித்ததும் வேறொரு ஊரில் தையல் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டோம். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். அங்கே இருந்ததெல்லாம் காலால் மிதிக்கிற மெஷின்கள். “பக்கத்துல உக்காந்து பாரும்மா, பாத்தே பழகிக்கலாம்” என்றார்களாம். அதன்பின் பதினைந்து வருஷம் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றினாள். அந்த மூன்று நாளைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் பேசியதே இல்லை.

வகுப்பு நடப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில்; 1981-இல் அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன், அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர், 1992-இல் வந்து சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். தெரியாமல் போனது, ஒரு தையல் வகுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பது.

நாற்காலியிலிருந்து தொடங்குகிறது. புதிதாக வந்த பெண்ணிடம் டீச்சர் ஊசியையோ நூலையோ கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கைக்கு வலு அதிகம், முழங்கால் அழுத்துமா அழுத்தாதா.

“ஆளு எப்படி உக்காருதாங்கன்னு மொதல்ல பாக்கணும்க்கா. மெஷினை அதுக்குத் தக்கன மாத்திக்கிடலாம். ஆளை மாத்த முடியுமா?”

சாதாரண மெஷினில் மோட்டார் பொருத்தினால், அதை ஓட்டுகிற சின்னப் பெடல் தரையில் கிடக்கும். அந்தப் பெடலைத் தூக்கி மேஜை மேலேயே வைத்துவிடலாம். ஒருத்தி அதை வலது முழங்கைக்குக் கீழே வைத்திருந்தாள். லேசாக அழுத்தினால் மெதுவாக ஓடும், கூட அழுத்தினால் பாயும். இரண்டு கைகளும் துணியைப் பிடித்திருக்க, முழங்கை மட்டும் தனியாக வேலை செய்ய வேண்டும். நான் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை அழுந்தும்போதெல்லாம் விரலும் கூடவே இழுத்துக்கொண்டது, தையல் கோணிக்கொண்டு போனது. இந்தப் பெண்களுக்கு அது படியச் சில வாரங்கள் ஆகும். நூல் கோக்காமல் பழைய பேப்பரில் ஓட்டுகிறார்கள். முதலில் நேர்கோடு, பிறகு சதுரம், கடைசியில் வட்டம். பேப்பரை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரியும். வட்டம் கூடிய இடத்தில் துளையோடு துளை பொருந்தியிருந்த ஒரு தாளை டீச்சர் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அன்றைக்கு அதை ஓட்டிய பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கை ஹெம்மிங்கில் எல்லாரையும் மிஞ்சியவர் நாற்பதை நெருங்கும் ஓர் அக்கா. பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றியவர். நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி நூல் கட்டிய விரல்கள். பிளவுஸ் ஓரத்தை இரண்டு மடிப்பு மடிக்கும்போது அதே நகம் அதே மாதிரி இறங்குகிறது. “இலைன்னா கிழிஞ்சிரும்க்கா, துணி பாவம் சொன்ன பேச்சு கேக்கும்” என்றார்.

இந்த வயதில் படிக்க வருகிறவர்களுக்கும் இடம் தருவது சமுதாயக் கல்லூரி என்ற யோசனை. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட்டில் தொடங்கியது. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அதைத் தமிழ்நாட்டில் ஊன்றி வளர்த்தார். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறது. மோட்டார் பொருத்திய தையல் மெஷினை நம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் பத்து மணிக்கு வகுப்புக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அன்றைக்குப் பீடிக் கூலி கிடையாது. போக வர ஆட்டோ, கூட ஒரு துணை. கற்கிற மாதங்களுக்கு ஒரு படித்தொகை இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடுவார்கள். மெஷினைக் கொடுக்கும் அரசு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போலியோ ஒழிந்த நாடென்று இந்தியா 2014-இல் சான்றிதழ் வாங்கியது. மகிழ்ச்சிதான். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் இருபது, முப்பது வருஷ உழைப்பு மிச்சமிருக்கிறது.

சாயங்காலம் தென்காசியில், இப்படிப் பயிற்சி முடித்த ஒருவரின் வீட்டுக்குப் போனேன். முன்அறைதான் கடை. சீசனில் குற்றாலத்துக் கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுக்கிறார். “சாரல் விழுந்தா எல்லாரும் குளிக்கப் போவாங்க. எனக்கு வேலை வந்துரும்” என்றார். ஈரத்துக்கு ஊசி துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தொட்ட துணியில் குத்தி வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவரிடம் தையல் பழகுகிறாள். கால் நன்றாக இருக்கிற பிள்ளை. பாட்டி வைத்திருந்த மிதி மெஷினைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். மிதி சீராக வரவில்லை, சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருந்தது. வாழ்நாளில் ஒரு பெடலையும் மிதித்தறியாத கடைக்கார அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் மேஜையைத் தட்டத் தொடங்கினார். குதி, நுனி, குதி, நுனி. அவர் தட்டத் தட்ட, அந்தப் பிள்ளையின் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தில் விழுந்தது.