அயலார் யார்?

அறநூல்களைக் கற்றல் எளிது. கற்ற வழியில் நிற்றலே அரிது. பேராக் மண்ணில் அவ்வழி நின்று காட்டியவர் சிபில் கார்த்திகேசு.

கத்தோலிக்க நெறியில் ஊன்றிய அத்தாதி, கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவுடன் ஈப்போவில் மருந்தகம் நடத்தி வந்தார். 1941இன் இறுதியில் ஜப்பானியர் படையெடுத்ததும், அண்மையிலிருந்த பாப்பான் என்னும் ஈயச் சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே, காயமுற்று இரவில் வந்த கெரில்லா வீரர்களுக்கு மறைவாக மருந்திட்டார். அவர்களை வழிநடத்தியோர் சமயத்தை ஏற்காத கம்யூனிஸ்டுகள். அவரோ கொள்கையைக் கேட்கவில்லை, காயத்தையே கண்டார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியனின் கதையை இயேசு பெருமான் கூறியதும் இதற்காகவே அன்றோ?

1943இல் அவர் கைதானார். கெம்பெய்த்தாய் காவலர் அவரைக் கொடிய சித்திரவதைக்கு உள்ளாக்கினர். சிறுமியான மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டியபோதும் அவர் எவரையும் காட்டிக் கொடுத்திலர். குழந்தை உயிர் தப்பினாள். பிறர் பிள்ளைகளைக் காக்கத் தம் பிள்ளையைப் பணயம் வைக்கும் உரிமை ஒரு தாய்க்கு உண்டா? அறம் இத்துணைக் கடிய வினாவையும் எழுப்பும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், மறு ஆண்டே பிரிட்டனில் மறைந்தார். அவர் உடல் இன்று ஈப்போ மண்ணில் துயில்கின்றது. அந்நகரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அயலார் யார் என்று வினவும் மாணவருக்கு அச்சாலையே விடை கூறும்.