அத்தாவின் கால் புண் கற்பித்த பாடம்

தேவதானப்பட்டியில் மாந்தோப்பும் பள்ளிவாசலுமாக வாழ்ந்தவர் என் அத்தா. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். ஒருநாள் தோப்பிலிருந்து அவர் திரும்பியபோது திண்ணையில் இரத்தக் கறையைக் கண்டு திடுக்கிட்டேன். உள்ளங்காலில் முள் தைத்துச் சீழ் கோத்திருந்தது. ஆனால் வலியே இல்லையாம்! சர்க்கரை நோய் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது.

"மஞ்சள் பற்றுப் போட்டால் ஆறிவிடும்" என்றார் அத்தா. நானும் இசைந்தேன். அது என் தவறு. இரண்டு வாரத்தில் புண் ஆழமாயிற்று. அதன் பின்னரே மருத்துவரிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

தோலில் காயம் பட்டதும் இரத்தத் தட்டணுக்கள் அங்கே கூடி இரத்தத்தை உறையச் செய்கின்றன. கூடவே 'வளர்ச்சிக் காரணிகள்' என்னும் புரதங்களைத் தூது விடுகின்றன. உயிரணுக்களின் மேற்பரப்பில் அத்தூதைப் பெறும் 'ஏற்பிகள்' உள்ளன. உரிய காரணி உரிய ஏற்பியில் வந்து பொருந்தியதும் உள்ளே கட்டளை செல்கிறது. உயிரணுக்கள் பெருகி, நகர்ந்து, காயத்தை மூடுகின்றன. படைத்தவனின் ஏற்பாடுதான் எத்துணை நுட்பமானது!

ஆறாத சர்க்கரைப் புண்ணிலோ இத்தூதுகளைச் சிதைக்கும் நொதிகள் மிகுகின்றன. இரத்த ஓட்டமும் பலருக்குக் குன்றிவிடுகிறது.

மேல்தோல் வளர்ச்சிக் காரணியை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கண்டறிந்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மான்டல்சினியுடன் 1986-இல் நோபல் பரிசு பெற்றார். அதே காரணியைக் கொண்ட களிம்பை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்தது. சென்னை மருத்துவர் விஜய் விஸ்வநாதன் முதலானோர் சர்க்கரைக் கால் புண்களில் அதனைச் சோதித்து, புண் விரைந்து ஆறியதாக 2006-இல் வெளியிட்டனர்.

"களிம்பு மட்டும் போதாது. அழுகிய சதையை நீக்கவேண்டும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தவேண்டும், அந்தக் காலை ஊன்றவே கூடாது" என்றார் மருத்துவர். தோப்புக்குப் போகாமல் அத்தா அடங்கியிருந்ததே பெரும் சோதனை! கட்டின்மேல் மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்று ஆலிம் கூறியதும் அவர் மனம் ஆறியது. மூன்று மாதங்களில் புண் மூடிற்று. அல்ஹம்துலில்லாஹ்!

நாளுக்கு ஐந்து முறை ஒளுவில் கழுவிய பாதத்தை அத்தா ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்ததில்லை. சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், ஒளுச் செய்யும்போது உள்ளங்காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். சிறு புண்ணாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வல்ல இறைவன் நம் பெற்றோரைக் காத்தருள்வானாக! ஆமீன்.