அந்திப் பொழுதில் மரீன் டிரைவ்

மும்பை மரீன் டிரைவில் அந்தி வேளையில் படம் பிடிப்போர் பெரும்பாலும் கதிரவனையே குறி வைக்கின்றனர். செவ்வானம் அழகாகத்தான் விழுகிறது. ஊரிலுள்ள பாட்டிக்கோ பேரனின் முகம் வெறும் நிழலாகவே கிட்டுகிறது. அன்பர்களே, கதிரவனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்! 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஆர்ட் டெகோ மாளிகைகள் பல இங்கே கடலை நோக்கியே நிற்கின்றன. சாயும் ஒளி அவற்றின் மீது பொன்னாய்ப் படிகிறது. அவற்றின் முன்னே குழந்தையை மேற்கு நோக்கி நிறுத்தி எடுங்கள்.

பொழுது சாய்ந்ததும் புறப்பட்டுவிட வேண்டாம். வானம் கருநீலமாகும், விளக்குகள் வளைகுடாவைச் சுற்றி ஒளிரும். இரண்டும் இணைந்து நிற்பது சில நிமிடங்களே. கைப்பிடிச் சுவரின்மேல் கருவியை அசையாது வைத்தால் போதும். சர்ச்கேட்டில் வண்டி நெரிசல் அந்நேரத்தில் எப்படியும் குறையாது!