சிதறிய பருக்கையும் சிற்றெறும்பும்



சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டுக்குள் எறும்புகள் குடியேறின. மழைநீர் புற்றுகளை நிரப்பும்போது அவை உலர்ந்த இடம் தேடி வீடுகளுக்குள் வருவது இயல்பே. அடுப்பங்கரைச் சுவரில் தொடங்கிய வரிசை, மூன்றே நாளில் குழந்தையின் தொட்டில் இருந்த அறைவரை நீண்டுவிட்டது. எங்கள் இளைய மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். தவழத் தொடங்கியிருந்த பருவம். ஒருநாள் சுப்ஹு தொழுகைக்கு எழும் நேரத்தில் அவள் வீறிட்டு அழுதாள். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது கன்னத்திலும் கழுத்து மடிப்பிலும் சிற்றெறும்புகள் மொய்த்திருந்தன. இரவு பால் குடித்த வாயைத் துடைக்காமலே அவளை உறங்கவைத்திருந்தோம்.

அன்று மாலையே எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்து சுவரோரமெங்கும் கோடு கிழித்தோம். கோட்டைத் தொட்ட எறும்புகள் சுருண்டு விழுந்தன. எங்கள் நிம்மதி இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. தவழ்ந்து சென்ற மகள் சுவரருகே அமர்ந்து, வெள்ளைப் பொடி ஒட்டிய விரல்களை வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டோம். ஓடிச் சென்று கையைப் பற்றினோம். விரல் நாவைத் தொட்டதா, இல்லையா என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கையையும் வாயையும் கழுவிவிட்டு, சாக்பீஸின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைந்தோம். அதில் இருப்பது நரம்புகளைத் தாக்கும் பூச்சிக்கொல்லி என்று அவர் விளக்கினார். சில மணி நேரம் குழந்தையைக் கவனித்த பின்பே அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. எறும்புக் கடியிலிருந்து காக்க எண்ணி, அதனினும் பெரிய ஆபத்தை எங்கள் கையாலேயே தரையில் தீட்டி வைத்திருந்தோம்.

மறுநாள் அந்தக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்து அழித்தோம். இறந்து கிடந்த எறும்புகளைப் பெருக்கும்போது, மதரஸாவில் ஓதும் எங்கள் மூத்த மகன் அருகில் வந்து நின்றான்.

“வாப்பா, சுலைமான் நபியோட படை வந்தப்ப எறும்பு தன் கூட்டத்தைக் காப்பாத்துச்சுன்னு உஸ்தாது சொன்னாங்க. இந்த எறும்புங்களுக்கு யாரும் சொல்லலையா?”

எங்களிடம் விடை இல்லை. எறும்பின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. அது 27ஆம் அத்தியாயமான அந்நம்ல். தன் இனத்தை எச்சரித்த அச்சிற்றுயிரின் சொல்லைக் கேட்டு சுலைமான் (அலை) அவர்கள் புன்னகைத்ததை அது கூறுகிறது. எறும்பொன்று கடித்ததற்காக ஒரு புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவர், இறைவனால் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தீங்கு செய்யும் எறும்பை, வேறு வழியில்லாதபோது கொல்லலாம் என மார்க்க அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். நாங்களோ வேறு வழியைத் தேடவே இல்லை.

பிறகுதான் தேடத் தொடங்கினோம். எறும்புகள் தாம் செல்லும் பாதையில் ஒருவித வாசனைப் பொருளை விட்டுச் செல்கின்றன; பின்வருபவை அதை முகர்ந்தே வருகின்றன. ஆகவே வரிசையைப் பின்தொடர்ந்து, சன்னல் சட்டத்தின் கீழிருந்த வெடிப்பைக் கண்டறிந்தோம். பாதை முழுவதையும் சோப்பு நீரால் துடைத்து, பின்னர் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து மீண்டும் துடைத்தோம். (வினிகரை ஒருபோதும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கலாகாது, நச்சு வாயு உண்டாகும்.) வெடிப்பை வெள்ளை சிமெண்டால் அடைத்தோம்.

தொட்டிலுக்கு உம்மம்மா சொன்ன பழைய முறையே கைகொடுத்தது. அதைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, போர்வை தரையைத் தொடாதவாறு மடித்துவிட்டு, நான்கு கால்களையும் சிறிதளவு நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினோம். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால் இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றினோம். மகள் தரையில் தவழும் நேரங்களில் கிண்ணங்களை எடுத்துவிடுவோம். சர்க்கரை டப்பாவில் நான்கைந்து கிராம்பு போட்டோம். வாசற்படியில் தூவிய மஞ்சள்தூள் சிறிது உதவியது. ஆனால் எறும்புகள் விரைவில் வேறு வழி கண்டுகொண்டன. வழியை அடைப்பதும் உணவை மூடுவதும்தான் உண்மையில் பலன் தந்தன.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். ‘இயற்கையானது’ என்று பிறர் பரிந்துரைப்பவை யாவும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை அல்ல. கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரைச் சர்க்கரையோடு கலந்து வைக்கும்படி எங்களுக்கும் சிலர் கூறினர். அது வயிற்றுக்குள் சென்றால் நஞ்சு. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். அந்துருண்டையோ மிட்டாய் போலவே தோன்றும், அதுவும் நஞ்சே. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றைத் தரையில் வைக்கலாகாது. எறும்பு கடித்த இடத்தைக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி ஒற்றினால் போதும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனையும் செய்தபோதுதான் எங்கள் குறை எங்களுக்குப் புலப்பட்டது. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் துடைத்து உண்ணுமாறும், தட்டில் மிச்சம் வைக்காதிருக்குமாறும், இரவில் பாத்திரங்களை மூடுமாறும், கையில் உணவின் பிசுக்கோடு உறங்காதிருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்துள்ளார்கள். சிறுவயது முதல் கேட்டு வந்த இவற்றை நாங்கள் வெறும் ஒழுக்கங்களாக மட்டும் எண்ணியிருந்தோம். எங்கள் வீட்டிலோ விரிப்பில் பருக்கைகள் கிடந்தன. கழுவாத தட்டுகள் காலைவரை காத்திருந்தன. குழந்தையின் கன்னத்தில் பால் காய்ந்திருந்தது. அழைப்பு எங்களுடையதாக இருக்க, வந்த விருந்தினரை நஞ்சிட்டுக் கொன்றோம்.

இப்போது உணவு முடிந்ததும் விரிப்பை முற்றத்தில் உதறுவது மகனின் பொறுப்பு. அங்கே செம்பருத்திச் செடியடியில் எறும்புகள் பருக்கைகளைச் சுமந்து செல்வதை அவன் குந்தியமர்ந்து பார்க்கிறான். தங்கையும் அவனருகே அமர்ந்துகொள்கிறாள். கடைசித் தட்டைக் கழுவி, அவள் முகத்தையும் கைகளையும் துடைத்த பிறகே வீட்டில் விளக்கை அணைக்கிறோம்.

நம் குழந்தைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும், குறிப்பாக நம் அறியாமையால் விளையும் தீங்குகளிலிருந்தும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.